திருகோணமலைக் கப்பலின் அறை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அல்சூர் ஏரியை அடுத்த இந்த ஜோகுபாளையத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. ஆயினும் இன்று ஒரு மரக்கலத்தைப் பற்றியே பேச விழைகின்றோம். அதன் பெயர் ‘திருகோணமலை’. ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் உறையும் ஈழத்துத் துறைமுகத்தின் பெயரையே ஆங்கிலேயர் தம் போர்க்கப்பல் ஒன்றுக்கு இட்டனர்.

பம்பாயில், பார்சி மரபினரான ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் பொறுப்பில், மலையாளக் கரைத் தேக்கினால் கட்டப்பெற்று, 1817 அக்டோபர் 12ஆம் நாள் அது நீரில் இறங்கியது. 1897இல் அதனை வாங்கிய வீட்லி காப் என்பவர், இளைஞர்க்குக் கடற்பயிற்சி அளிக்கும் கலமாக்கி, ‘ஃபூட்ராயன்ட்’ என்று வேறு பெயர் சூட்டினார். 1986 வரை அப்பணியைச் செய்து மூப்பெய்திய கலத்தை, 1987இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைக்குக் கொண்டுவந்து செப்பனிடலாயினர். 1992இல் பழைய பெயர் மீண்டது; 2001இல் பணி நிறைவுற்றது.

அக்கப்பலின் பின்புறத்தே, சாளரங்கள் வரிசையாய் அமைந்த இடத்தில், தலைவனின் அறை உள்ளது. அக்காலப் போர்க்கலங்களில் இத்தகைய அறையின் தடுப்புகள் கழற்றக்கூடிய பலகைகளே. போர் மூளுமாயின் மேசை, கட்டில், தடுப்பு யாவும் அகற்றப்படும். பீரங்கிக்கு இடம் விடப்படும். போர் ஓய்ந்தபின் மீண்டும் அறை எழும். இன்று அவ்வறை செப்பமுற்று, காண்பார் கண்ணுக்கு விருந்தாய் விளங்குகின்றது.

பழைய மரக்கலத்தின் அறையைச் செப்பனிடுவோர் முதலில் உளியை எடுப்பதில்லை. சிறு சுத்தியலை எடுக்கின்றனர். மரத்தைத் தட்டினால், உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாய் ஒலிக்கும். மேலே பூசிய வண்ணம் கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றாது. மரத்துக்குப் பகை கடல்நீர் அன்று. மேல்தளத்து இடுக்குகளில் கசியும் மழைநீரே! ஆதலின் முதலில் கசிவை அடைத்துக் கலப்பற்று இடுவர். பின்னர் உளுத்த பகுதியை மட்டும் அறுத்து, நல்ல மரத்தைச் சாய்வாகச் செதுக்கி, புதுமரத்தை அதனோடு பொருத்துவர். உறுதியான பழைய மரத்தைத் தொடமாட்டார்கள். திருகோணமலைக் கப்பலின் பழந்தேக்கில் பெரும்பகுதி இரு நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றது.

அன்பர்களே! ஊர் விட்டு ஊர் வந்த நாமும் இத்தகைய கலமே அல்லவா? கன்னடம் நமக்குச் சோறிட்ட மண்ணின் மொழி. அதனைக் கற்பது நம் கடன். ஆங்கிலம் பிள்ளைகளின் பிழைப்புக்கு வேண்டுவது. இவை நம் கலத்தில் சேர்ந்த நல்ல புதுப்பலகைகள். அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் அடிமரம் எவ்வாறு உள்ளது?

வீட்டிற்குச் சென்றதும், ஊரிலிருந்து வந்த திருமண அழைப்பிதழ் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, “படி, கண்ணே” என்று கேளுங்கள். அதுவே சுத்தியல். நம்முள் பலர் வீடுகளில் மந்தமான ஒலியே எழக்கூடும். பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். பாட்டியின் கடிதத்தைப் படிக்க அறியார். மேடையில் தமிழை வாழ்த்திவிட்டு வீட்டில் எழுத்தைக் கற்பிக்க மறந்த பிழை பிள்ளைகளுடையதன்று, நம்முடையது. அக்கசிவு மேலிருந்தே வந்தது.

ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், தாயோ தந்தையோ அருகில் அமர்ந்து எழுதப் பழக்கினாற் போதும். நெடுங்காலம் வேற்றுப் பெயர் தாங்கிய கப்பலும் தன் பெயரை மீட்டது, அதன் தேக்கு உறுதியாய் இருந்தமையால். நம் பிள்ளைகளின் நாவில் தமிழ் இன்னும் உறுதியாய் உள்ளது. கையில்தான் அதனைச் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அவர்கள் தம் கையால் எழுதிய கட்டுரைகளைக் காண விழைந்து அமைகின்றோம்.