இனத்தை வரையறுத்தவர் யார்?

(சிலாபத்தில் நிகழ்த்திய உரை)



நம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களிலே “தந்தையின் இனம்” என்றொரு நிரல் இருந்து வந்திருக்கிறது. பதிவாளர் அதனைக் கணப்பொழுதில் நிரப்பிவிடுகிறார். அச்சொல்லுக்குப் பொருள் வகுத்தவர் யாவர் என்று நாம் கேட்டதுண்டா?

1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமையைச் சட்டமாக ஏற்றபோது, யாழ்ப்பாணத் தமிழரை “மலபார் குடிகள்” என்றே குறித்தது. தம்மைத் தமிழர் என்று அறிந்திருந்த மக்களுக்கு ஆட்சியாளர் இட்ட பெயர் அது! 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையிலே சிங்களவருக்கு ஒருவர், தமிழருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர் எனத் தேசாதிபதி நியமித்தார். அன்றே இனம் ஆசனக் கணக்காயிற்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் மரபால் தமிழரே என்று கட்டுரை படித்தார். மறு ஆண்டே சோனகருக்குத் தனி ஆசனம் கிடைத்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அக்கட்டுரையை மறுத்து நூல் எழுதினார். இருவரும் வாதித்தது மரபைப் பற்றி. நடுவே கிடந்தது ஆசனம்.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு நிரல்களாகப் பிரித்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திலே அவ்விரண்டாம் நிரலின் பெயர் இல்லை. தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று மட்டுமே கேட்டது. ஆயினும் அடி விழுந்தது அந்த நிரலில் நின்ற தோட்டத் தொழிலாளர் மீதே.

இது நம் நாட்டுக்கே உரிய விசித்திரம் என்று எண்ணவேண்டாம். வெள்ளையருக்குக் குடியுரிமை என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் 1922இல் ஜப்பானியரான ஒசாவா வழக்காடினார். தோல் வெளுத்திருந்தாற் போதாது, காக்கேசிய இனமாதல் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அடுத்து, அறிஞர் கணக்கில் காக்கேசியராகிய பஞ்சாபியர் பகத்சிங் திந்த் வந்தார். சாதாரண மனிதன் இவரை வெள்ளையர் என்று ஏற்கமாட்டான் என்று 1923இல் அதே மன்று கைவிரித்தது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதியரசர்; இடையே சென்றது மூன்று மாதம்!

இனி நம் ஊருக்கு வருவோம். முன்னேஸ்வரத்திலே கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு தன் கொடையைத் தமிழிற் கல்வெட்டாக்கினான். உடப்பிலே இன்றும் தமிழ் ஒலிக்கிறது. ஆனால் இக்கரையோரத்து எத்தனையோ கத்தோலிக்க மீனவக் குடும்பங்களிலே பாட்டனார் தமிழிற் செபித்தார். பள்ளியின் போதனாமொழி மாறிற்று. பேரன் சிங்களத்திற் படித்தான். குருதி மாறவில்லை, நிரலிலுள்ள சொல் மாறிற்று. அப்பேரன் தன்னைச் சிங்களவன் என்று கொள்வானாயின் அது அவன் உரிமை; அதில் நமக்கு வழக்கில்லை. தமிழ் வகுப்பை மூடிவிட்டு, விரும்பி மாறினான் என்று சொல்வதே நம் வழக்கு.

நடைமுறைச் சமுதாய நோக்கில் இனம் என்பது உயிரியல் நிகழ்வு என்பதைவிடச் சமுதாயக் கட்டுக்கதையே என்று 1950இல் யுனெஸ்கோ கூட்டிய அறிஞர்கள் அறிவித்தனர். நன்று. ஆனால் அக்கதையின் பேரால் பறிபோன வாக்கும் வகுப்பும் கதையல்லவே!

கணக்கெடுப்போர் வாயிலுக்கு வந்தால், பெயரையும் மதத்தையும் பார்த்து அவர்களாகவே எழுத விடாதீர்கள். நீங்களே சொல்லுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு வேண்டும் பெற்றோருக்கு விண்ணப்பம் எழுதித்தர நம் தோழர்கள் இன்றிரவு ஒன்பது மணிவரை இம்மண்டபத்திலேயே இருப்பார்கள்.