கஷ்டத்தை எடுத்துடாதீங்க, அளவா வைங்க!

நடுவர் அவர்களே! எதிர்வரிசையில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! (கைதட்டல்)

பிள்ளைகள் முன்னுக்கு வர, பெற்றோர் கஷ்டத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டுமா, பழக்கிக் கொடுக்க வேண்டுமா? இதுதானே தலைப்பு? பழக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்ல பொழிச்சலூரிலிருந்து வந்திருக்கிறேன். எங்க ஊர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறுன்னே சொல்லுவாங்க. சனி பகவானைக் கும்பிட எங்கெங்கிருந்தோ வர்றாங்க. கஷ்டத்தைப் பத்திப் பேச எங்க ஊர்க்காரங்களை விட்டா வேற யாருக்கு உரிமை இருக்கு, நடுவர் அவர்களே? (சிரிப்பு)

எனக்கு ஒரே பையன். ஏழாவது படிக்கிறான். அவன் அப்பாவுக்குக் கத்தாரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளையாச்சே என்று நான் அவனை எதிலுமே தோற்கவிட்டதில்லை. கேரம் ஆடினால் ரெட் காயை வேண்டுமென்றே தவறவிடுவேன். போன தடவை அவர் வந்தபோது ஒரு கம்ப்யூட்டரும், 'கிரிக்கெட் 24' என்கிற விளையாட்டும் வாங்கிக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில் இருக்கிற பிக் ஆன்ட் கம்பெனி 2023-ல் கொண்டுவந்தது அது.

பையன் ஆடுவான் பாருங்க! இருபது ஓவரில் 390 ரன். எதிரணி 40-க்கு ஆல் அவுட். தினமும் இவன்தான் ஆட்டநாயகன். நானும் "என் ராஜா"ன்னு திருஷ்டி கழிச்சுப் போடுவேன். (சிரிப்பு)

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போனான். முதல் பந்திலேயே ஸ்டம்பு எகிறியது. அடுத்த வாரம் இரண்டாவது பந்து. அதோடு சரி. மூன்று மாதம் வாசற்படி தாண்டவில்லை. கூப்பிட வந்த பிள்ளைகளிடம், "காய்ச்சல்னு சொல்லிடும்மா" என்றான். நானும் சொன்னேன், நடுவர் அவர்களே! அந்தப் பொய்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவன் பள்ளிக்கூடம் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். எல்லாமே 'ஈஸி'யில் இருந்தது. பந்து வருகிற நேரத்துக்கும் இவன் பட்டனை அமுக்குகிற நேரத்துக்கும் எவ்வளவு தப்பினாலும் அது மன்னித்துவிடும். யாரை மாதிரி? என்னை மாதிரி! (கைதட்டல்)

உடனே வீராவேசமாக எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தூக்கி வைத்தேன். சாயந்திரம் வந்து ஆடினான். 28-க்கு ஆல் அவுட். கையில் இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். எதிரணி நண்பர்கள் கைதட்டலாம். நான் செய்தது தப்புதான்.

மறுநாள் அவனையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அந்த விளையாட்டில் பேட்டிங்குக்கு ஒன்று, பௌலிங்குக்கு ஒன்று என்று கஷ்டத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றுவது. மாற்றியதும் ஐந்து ஓவர் ஆட்டம் ஆடிப் பார்ப்பது. ஸ்கோரை நோட்டில் எழுதுவது. மன்னிப்பைக் கொஞ்சம் குறைத்தோம். ரொம்ப மோசமானால் ஒரு படி இறக்கினோம்.

"எதும்மா சரியான அளவு?" என்று கேட்டான். எங்க அப்பா கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். 1999 ஜனவரி, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் எடுக்க வேண்டும். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தார். அவர் அவுட்டானதும் மளமளவென்று விக்கெட் விழுந்து 258-ல் ஆட்டம் முடிந்தது. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. நம்ம சென்னை ஜனங்க என்ன செய்தார்கள்? எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள்! "யார் ஜெயிப்பாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியக்கூடாது. அதுதாண்டா சரியான அளவு" என்றேன்.

அதே சச்சின் 1998-ல் ஷேன் வார்னை எதிர்கொள்வதற்கு முன்னால் என்ன செய்தார்? லெக் ஸ்டம்புக்கு வெளியே ஆடுகளத்தைக் கரடுமுரடாக்கி, அங்கே லட்சுமண் சிவராமகிருஷ்ணனைப் பந்து போடச் சொல்லிப் பழகினார். தன் கஷ்டத்தைத் தானே கூட்டிக்கொண்டார். அப்படியும் சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னிடம்தான் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155! (பலத்த கைதட்டல்)

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி. கம்ப்யூட்டர் அணி 161. இவன் 157. நான்கு ரன்னில் தோற்றான். அழப்போகிறான் என்று பயந்தேன். "அம்மா, கடைசி ஓவர்ல எனக்குக் கை நடுங்குச்சும்மா!" என்று சிரித்தான். அவனே கத்தாருக்குப் போன் போட்டான். "அப்பா, இன்னைக்குத் தோத்துட்டேம்ப்பா." அதுவரைக்கும் அவன் அப்பாவிடம் ஜெயித்த கதையை மட்டும்தான் சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கம் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எப்படிடா தோத்தே, முழுசா சொல்லு" என்றார். அரை மணி நேரம் பேசினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பெரிய ஆட்டக்காரனாகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். ஏழாவது ஆளாகத்தான் இறக்குகிறார்கள். போன வாரம் 11 ரன். ஆனால் அந்தப் பதினொன்றும் அவனுடைய சொந்த ரன்!

தாய்மார்களே, பிள்ளை பாதையிலிருந்து கஷ்டத்தை எடுத்துடாதீங்க. மொத்தமாகத் தலையில் கொட்டவும் கொட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து அளவா வைங்க. இப்போதெல்லாம் எங்க வீட்டு கேரமில் ரெட்டை நான் விடுவதில்லை, நடுவர் அவர்களே!

(கைதட்டல்)