குடியை விட்டவரின் உறக்கமும் நம் கடமையும்

 

கோவிலம்பாக்கத்தில் நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் பாராட்டி மகிழ்வது இயல்பே. அப்பணியைச் செய்யப் பலர் இருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. குடியையும் பிற போதைப் பொருள்களையும் விட்டு மீள முயலும் நம் சகோதரர்கள் இரவில் உறக்கமின்றித் தவிக்கும் துன்பத்தையும், அதனைக் கடக்கும் வழிகளையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். கல்விச் சங்கத்தில் இப்பேச்சு எதற்கு என்று எவரேனும் ஐயுறலாம். முதற் பாடவேளையிலேயே கண் செருகித் தலை கவிழும் பிள்ளைகளைப் பள்ளியில் நாம் காண்கிறோம். தந்தை உறங்காத ஓரறை வீட்டில் பிள்ளையும் உறங்குவதில்லை. உறங்காத பிள்ளைக்குப் பாடம் ஏறுவதில்லை. ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே.

குடி நம் சமூகத்தின் குணம் என்று இழித்துரைப்போர் உண்டு. அது பொய். பண்டிதர் அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். மயக்கும் பொருளை விலக்குதல் பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களுள் ஒன்று. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளுள் மதுவை விலக்குதலும் இடம்பெற்றது. ஆகவே குடியை மறுப்பதே நம் முன்னோர் காட்டிய வழி. செல்வமும் செல்வாக்கும் மிக்க இல்லங்களிலும் குடிநோய் புகவே செய்கிறது. புகழ்பெற்ற டி.டி.கே. தொழிற்குடும்பத்தில் தம் கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன், 1980ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். அதுவே இன்று அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என அறியப்படுகிறது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. மாளிகையில் நோயாகக் கருதப்படுவது குடிசையில் மட்டும் குணக்கேடு ஆகிவிடுமா?

சட்டத்தின் கதையும் நாம் அறிந்ததே. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது, 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அரசாணைகள் வரும், போகும். ஆனால் கடையை மூடுவதனால் மட்டும் ஒருவர் மீள்வதில்லை. கடை திறந்திருப்பதனால் மட்டும் ஒருவர் வீழ்வதுமில்லை. இரவு இரண்டு மணிக்குப் பாயில் புரளும் மனிதர் தமக்குள் எடுக்கும் முடிவே அதனைத் தீர்மானிக்கிறது. “இன்று ஒரு நாள் கொஞ்சம் குடித்தால் தூங்கிவிடலாம்” என்ற எண்ணம் பல நல்ல உறுதிமொழிகளைக் கவிழ்த்திருக்கிறது.

உறக்கம் ஏன் கெடுகிறது? ஒரு தராசை நினைத்துப் பாருங்கள். மது மூளையின் கிளர்ச்சியை அடக்கி ஒரு தட்டைத் தாழ்த்துகிறது. நாள்தோறும் அது நிகழவே, மூளை சமநிலை காக்க மறுதட்டில் கிளர்ச்சியூட்டும் எடையைக் கூட்டி வைக்கிறது. குடியைத் திடீரென நிறுத்தினால் முதல் தட்டு வெறுமையாகிறது. மறுதட்டின் எடையோ அப்படியே இருக்கிறது. அதனால்தான் கை நடுக்கமும், வியர்வையும், படபடப்பும், உறக்கமின்மையும் தோன்றுகின்றன. மறுதட்டின் எடை ஒரே நாளில் இறங்குவதில்லை. முதல் ஓரிரு வாரங்கள் கடுமையானவை. பின்னர்த் துன்பம் மெல்லக் குறையினும், முழுமையான உறக்கம் திரும்பச் சிலர்க்குப் பல மாதங்கள் ஆகலாம். சிலர்க்கு ஓராண்டும் கடக்கலாம். இது தோல்வியின் அடையாளமன்று. உடல் தன்னைச் சீர்செய்துகொள்வதன் அடையாளம்.

குடித்தால் நன்றாகத் தூங்கலாம் என்பதும் மயக்கமே. மது விரைவில் கண்ணை மூடச் செய்யும். ஆனால் பின்னிரவின் உறக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். கஞ்சாவை விட்டவர்க்கும் முதல் சில நாள்களிலேயே உறக்கம் கெட்டு, விநோதக் கனவுகள் வந்து, சில வாரங்கள் நீடிப்பதுண்டு. அபினி இனத்து வலி மாத்திரைகளை விட்டவர்க்கு உடல்வலியும் கால் உதறலும் உறக்கத்தைப் பறிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் இல்லாததைக் காண்பதும், இடம் பொருள் தெரியாமல் பிதற்றுவதும் நேரலாம். அது உயிருக்கே உலை வைக்கும். அதனைப் பேய் பிடித்தது என்று எண்ணிக் காலம் கடத்தலாகாது. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும். தூக்க மாத்திரைகளை நெடுநாள் உண்டவரும் அவற்றைத் தாமாக ஒரேயடியாக நிறுத்தலாகாது. மருத்துவர் சில நாள்களுக்கென்று கொடுத்த மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்குவதும், அடுத்தவர் மாத்திரையை வாங்கி விழுங்குவதும் ஒரு தளையை உடைத்து மற்றொரு தளையைப் பூட்டிக்கொள்வதாகும்.

அந்தக் கடுமையான நாள்கள் கழிந்த பின் கைக்கொள்ளத்தக்க முறைகள் உள்ளன. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் எடுத்துரைத்த முறை மிக எளியது. அதனை நம் வீட்டுக்கு ஏற்பச் சொல்வோம். பாய் உறங்குவதற்கு மட்டுமே. காலையில் அதனைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். பகலில் அதன்மீது படுத்துக் கைப்பேசி பார்த்தலும் கவலைப்படுதலும் கூடா. உறக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கண் அயரவில்லையெனில் எழுந்து வாசற்படியில் அமர்ந்து, விளக்கைத் தாழ்த்தி, அமைதியான ஒன்றைச் செய்து, உறக்கம் வரும்போது மீள வேண்டும். எத்தனை மணிக்கு உறங்கினாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இதுவே முறைகளுள் தலையாயது. இரவுக் காவல் பணி புரிவோரும் தம் பகலுறக்கத்துக்கு ஒரே நேரத்தை வைத்து, சன்னலைத் துணியால் மறைத்துக்கொள்ளலாம்.

படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்கி உறக்கத்தை ஆழப்படுத்தும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் என்பார் 1987இல் வெளியிட்டார். ஆயினும் வலிப்பு வந்தவர்களும், வாகனம் ஓட்டுவோரும், கட்டடச் சாரத்தில் ஏறி வேலை செய்வோரும் மருத்துவரைக் கேளாமல் அதனை மேற்கொள்ளலாகாது. நண்பகலுக்குப் பின் தேநீரும் காப்பியும் வேண்டா. குடியை விட்ட கையோடு பீடியையும் சிகரெட்டையும் கூட்டிக்கொள்வோர் பலர். புகையிலையும் உறக்கத்தை விரட்டும். மாலையில் நடை, இரவில் நேரத்தோடு உணவு, கொசுவலை, காற்று வரும் இடம் ஆகியவை சிறியவையாகத் தோன்றினும் பயன் தருவன. இவ்வளவும் செய்து, பெருங்குறட்டையும் மூச்சுத் திணறலும் இருப்பின், அது வேறு நோயாகலாம், மருத்துவரிடம் சொல்க. ஆறா மனச்சோர்வும் உயிரை வெறுக்கும் எண்ணமும் தோன்றினால் அன்றே சொல்க.

கனவைப் பற்றியும் ஒரு சொல். குடியை விட்ட பலர் தாம் குடிப்பதாகக் கனவு கண்டு, விழித்தெழுந்து, குற்றவாளிபோல் நடுங்குகின்றனர். அடக்கி வைக்கப்பட்டிருந்த கனவுறக்கம் மீண்டும் பெருகுவதனாலும் இத்தகைய கனவுகள் வருகின்றன. கனவில் குடித்தவர் குடித்தவரல்லர். எழுந்து ஒரு குவளை நீர் அருந்தி, விடியலில் நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லிவிட்டால் அதன் வலி குறையும்.

தாய்மார்களே, சகோதரிகளே! நீங்கள் பட்ட துன்பம் பெரிது. அதனை மறந்துவிடுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் நள்ளிரவில் அவர் வாசலில் அமர்ந்திருந்தால், “எங்கே கிளம்பிவிட்டீர்கள்?” என்று ஐயுறுமுன், “தூக்கம் வரவில்லையா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வி கடைக்குப் போகும் கால்களைத் திருப்பக்கூடும். அவர் கை ஓங்கினால் மட்டும் பொறுத்திருக்க வேண்டா. நோய் அடிப்பதற்கு உரிமைச் சீட்டன்று.

இனி நம் சங்கத்தின் கடமை. மாலை ஏழு மணி குடிக்கும் வேளை. அந்நேரத்தில் நம் படிப்பகத்தைத் திறந்து வைத்து, நாளிதழும், கேரம் பலகையும், பேச்சுத் துணையும் அளிப்போம். மீள முயலும் ஒவ்வொருவர்க்கும் இரவில் அழைக்கத்தக்க இருவரை ஏற்படுத்துவோம். அமெரிக்காவில் 1935இல் இரு குடிநோயாளர் ஒருவர்க்கொருவர் துணை நின்றதில் தொடங்கியதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம். இன்றொரு நாள் குடியாதிருப்போம் என்பது அதன் வழி. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திற்கும் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் தனியே செல்லக் கூசுவோருடன் நம் இளைஞர் ஒருவர் உடன் செல்லட்டும். போதை மீட்புக்கான 14446 என்னும் எண்ணையும், 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணையும் படிப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம், இரண்டும் கட்டணமற்றவை.

இளைஞர்களே! ஒருவர் மீண்டும் தவறிவிட்டால் அவரை எள்ளி நகையாடாதீர்கள். மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இரவுப் பள்ளியில் எழுத்தறிவித்த சமூகம் நாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவன் தடுமாறும்போது பலகையைப் பிடுங்கிக்கொண்டோமா? மறுபடியும் முதல் எழுத்திலிருந்து சொல்லிக் கொடுத்தோம். உறக்கமும் அவ்வாறே மெல்ல மெல்ல மீண்டும் கற்கப்பட வேண்டிய ஒன்று. அதுவரை அவர்களுக்குத் துணையாக விழித்திருப்பது நம் கடமை என்று கூறி, நம் சங்கம் பல்லாண்டு வாழ வாழ்த்தி அமைகிறோம்.