கழுத்து நோவும் துவிச்சக்கரவண்டியும்



துவிச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கு முழங்கால் நோவதும் நாரி நோவதும் யாவரும் அறிந்தவையே. ஆனால் வளைந்த கைபிடியுள்ள றேஸ் சைக்கிளில் நெடுந்தூரம் போய்வரும் நம் நண்பர்களிற் பலர் முறையிடுவது கழுத்தைப் பற்றியே. பிடரியில் ஓர் இறுக்கம். தோட்பட்டைகளுக்கிடையில் ஆணி அறைந்தாற்போல ஒரு குத்து. மறுநாட் காலையிலே தலையைத் திருப்ப முடியாத நிலை. வீட்டில் அம்மா தைலம் தேய்த்துவிடுவார், சுகம் கிடைக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் அதே நோவு வந்து நிற்கும். தைலத்தை மாற்றிப் பார்ப்பவர் பலர். வண்டியை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பவர் சிலரே.

இது சிறிய காரியமன்று. நமது நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்த பின்பே நாம் வலப்புறம் திரும்பவேண்டும். கழுத்து இறுகியவன் அந்தப் பார்வையைப் பாதியில் விட்டுவிடுவான். பின்னால் வரும் பஸ் அதற்காகக் காத்திராது என்பதை ஏ-9 வீதியில் ஓடுபவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நோவுக்குக் காரணம் யாது? மனிதனுடைய தலை ஏறக்குறைய 5 கிலோ நிறையுள்ளது. நாம் நிமிர்ந்திருக்கும்போது கழுத்தின் 7 முள்ளென்புகளும் அதைத் தூண்போலத் தாங்குகின்றன. உடல் முன்னே சாய்ந்தவுடன் தலை தூணின்மேல் இல்லை. துலாவின் நுனியிலே தொங்கும் பட்டைபோல ஆகிவிடுகின்றது. மறுமுனையில் துலா மிதிப்பவர்கள் நமது பிடரித் தசைகளே. போதாக்குறைக்கு, வீதியைப் பார்க்கத் தலையைப் பின்புறமாக வளைத்துப் பிடிக்கவும் வேண்டும். மணிக்கணக்காக ஓய்வின்றி மிதிப்பவன் களைக்காமல் என்ன செய்வான்?

அந்தக் களைப்பு எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவிலே ஓர் உதாரணம் உண்டு. 1982இல் நால்வர் மேற்குக் கரையிலிருந்து நியூயோர்க் வரை துவிச்சக்கரவண்டியில் ஓடிப் போட்டியிட்டனர். அவர்களுள் ஒருவரான மைக்கேல் ஷேர்மர் என்பவருக்கு 1983ஆம் ஆண்டுப் போட்டியிலே பிடரித் தசைகள் முற்றாகச் சோர்ந்து, தலையை நிமிர்த்தும் வலுவை இழந்தன. அந்த நிலைக்கு 'ஷேர்மர் கழுத்து' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்வந்த வீரருட் சிலர் நாடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு ஓடியிருக்கின்றனர். நாம் போகும் 60 கிலோமீற்றருக்கு அத்தகைய கதி நேராது. ஆயினும் களைப்பது அதே தசைதான்.

நம் பாட்டன்மார் ஓட்டிய றலி வண்டியிலே கைபிடி இருக்கைக்கு மேலே உயர்ந்து நிற்கும். முழங்கை இயல்பாக மடியும், தலை நிமிர்ந்திருக்கும். 1990களில் எரிபொருள் கிடைக்காத யாழ்ப்பாணத்திலே விறகும் அரிசி மூட்டையும் நோயாளரும் சைக்கிளிலேயே சென்றதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கால் உளைந்த கதை, நாரி முறிந்த கதை ஏராளம். கழுத்து நொந்த கதையை ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் எதிர்க்காற்றில் அந்த வண்டியை மிதிப்பது பெரும்பாடு! றேஸ் சைக்கிளின் வேகத்தை விரும்புபவர்கள் அதன் சாய்வையும் ஏற்கத்தான் வேண்டும். எவ்வளவு சாய்வு என்பதே கேள்வி.

எமது விடுதி நண்பர் ஒருவர் பழைய வண்டியொன்றை நல்ல விலைக்கு வாங்கினார். அது அவரிலும் உயரமான ஒருவருக்கு அளவானது. கைபிடியை எட்டிப் பிடிக்க முழங்கையை முற்றாக நீட்டவேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் விற்றுவிடுகிறேன் என்று நின்றார். விற்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கைபிடியை வண்டியோடு இணைக்கும் தண்டை 20 மில்லிமீற்றர் குட்டையானதாக மாற்றி, அதன் கீழே இரண்டு வளையங்களை இட்டு உயர்த்தினோம். இப்பொழுது 40 கிலோமீற்றர் நோவின்றிப் போய்வருகிறார். அதற்குமேல் இடத்தோள் இன்னும் சிறிது இழுக்கின்றதாம்.

கைபிடி எட்டவில்லையென்று இருக்கையை முன்னே தள்ளுவோர் உளர். அது தவறு. இருக்கையின் இடம் முழங்காலையும் பெடலையும் பார்த்து அமைக்கப்படுவது. அதை அசைத்தால் கழுத்து நோவு முழங்கால் நோவாக மாறும். இருக்கையின் மூக்கு கீழே சரிந்திருந்தாலும் ஆகாது. உடல் முன்னே வழுக்கும்; கைகள் அதைத் தள்ளிப் பிடிக்கும்; பாரம் தோளில் ஏறும். ஆகவே முதலில் இருக்கையை மட்டமாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மாத்திரம் செய்து, நான்கைந்து நாள் ஓடிப் பார்த்து, பின்பே அடுத்ததைத் தொடுங்கள்.

வண்டி சரியாக அமைந்தாலும், நாம் அதைப் பிடிக்கும் விதம் சரியில்லையேல் பயனில்லை. முழங்கை விறைத்து நின்றால் வீதியின் ஒவ்வொரு பள்ளமும் நேரே தோளுக்கு ஏறும். சற்று மடித்திருந்தால் முழங்கையே அதை வாங்கிக்கொள்ளும். தோள் காதை நோக்கி ஏறுவதைப் பலர் உணர்வதேயில்லை. பத்து நிமிடத்துக்கொருமுறை மூச்சை விட்டுத் தோளை இறக்குங்கள். வளைந்த கைபிடியில் மேலே, பிரேக்கின் தலையில், கீழே என மூன்று பிடிகள் இருப்பது மாறிமாறிப் பிடிப்பதற்கே. மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு ஒரு சொல்: கண்ணாடி வழுக்கி இறங்கினால், அதனூடாகப் பார்க்கத் தலையை இன்னும் உயர்த்த நேரிடும். புத்தகப் பையைத் தோளில் மாட்டாமல் கரியரிலே கட்டுங்கள். சட்டப் புத்தகம் படிப்போர் இதைச் சிறப்பாகக் கவனிக்க!

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாடியைப் பின்னுக்கு இழுத்துச் சில வினாடி வைத்து விடுவதும், வயிற்றுத் தசைகளையும் முதுகையும் பலப்படுத்துவதும், தூரத்தைக் கிழமைக்குக் கிழமை சிறிது சிறிதாகக் கூட்டுவதும் போதும். ஆனால் கை விறைத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நோவு தோளிலிருந்து விரல்வரை ஓடினாலோ, விழுந்த பின்பு கழுத்து நொந்தாலோ, தைலமும் வேண்டாம், எமது ஆலோசனையும் வேண்டாம். தாமதியாது வைத்தியரிடம் செல்க.

தண்டைக் கழற்றிப் பூட்டியவர்கள் ஆணிகளை இறுக்கியபின், முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே பிடித்துக் கைபிடியைத் திருகிப் பார்த்தே வண்டியில் ஏறவேண்டும். கூட்டம் முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் 4, 5 மில்லிமீற்றர்ச் சாவிகளுடன் நிற்போம். வேண்டியவர்கள் வண்டியை உருட்டிக்கொண்டு வரலாம்.