ஒப்புக்கொண்டவன் கொலைகாரன் அல்ல!

கொலையில் உறவை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி நிதி திரட்டும் மாலை நிகழ்வில், நம் கட்சி வழக்கறிஞர் அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை:



"துப்பு துலங்கிய பழைய கொலை வழக்குகள்" என்பது இன்றைய தலைப்பு. எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். அதனால ஒரே ஒரு வழக்கைச் சொல்றேன்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் நார்பரோ என்று ஒரு ஊர். 1983 நவம்பரில் அங்கே 15 வயசுப் பெண் ஒருத்தி வன்கொடுமை செய்யப்பட்டு, கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். ஆள் அகப்படவில்லை. வழக்கு கிடப்புக்குப் போனது. ஆனால் உடலில் கிடைத்த தடயத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

1986 ஜூலையில் பக்கத்து ஊர் எண்டர்பியில் இன்னொரு பெண். அவளுக்கும் 15 வயசு. அதே கொடுமை. ஊரே கொதித்தது. சில நாளிலேயே 17 வயசுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். விசாரணையில் "நான்தான் செஞ்சேன்" என்று இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையை மட்டும் மறுத்தான்.

இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான் என்று போலீசுக்கு உறுதி. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி, ஆளுக்கு ஆள் மாறும் டி.என்.ஏ. அடையாளத்தை 1984-ல்தான் கண்டுபிடித்திருந்தார். அவரிடம் போனார்கள். முடிவு என்ன தெரியுமா? இரண்டு கொலையும் ஒரே ஆள் செய்ததுதான். ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை!

யோசிச்சுப் பாருங்க தோழர்களே. கொலை வழக்கில் டி.என்.ஏ. செய்த முதல் வேலை, ஒரு அப்பாவியை வெளியே விட்டதுதான்.

பிறகு சுற்றுவட்டார ஆண்கள் 5,000 பேருக்கு மேல் மாதிரி எடுத்தார்கள். யாருக்கும் பொருந்தவில்லை. 1987-ல் ஒரு மதுக்கடையில் ஒருவன் வாய்விட்டான்: "கூட வேலை செய்யறவனுக்காக நான் போய் ரத்தம் கொடுத்தேன்." கேட்டவர்களில் ஒரு பெண் போலீசில் சொன்னார். அந்தக் கூட்டாளிதான் பேக்கரித் தொழிலாளி காலின் பிட்ச்ஃபோர்க். தடயம் அச்சாகப் பொருந்தியது. 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை.

இதில் நமக்கு என்ன இருக்கு?

தடயத்தைப் பாதுகாத்தால் கிடப்பில் கிடக்கும் வழக்கும் ஒருநாள் பேசும். நமக்கு இது புதுசு இல்லை. 1849-லேயே சென்னை மாகாணத்தில் ரசாயனப் பரிசோதனைக் கூடம் வந்துவிட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்துக்குச் சாட்சியம் ஆகாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அதைத்தான் சொன்னது. இப்போதைய புதிய சட்டத்தில் 23-வது பிரிவு. அடிச்சு வாங்கின வாக்குமூலம் வழக்கை முடிக்காது தோழர்களே, உண்மைக் கொலைகாரனைத் தெருவில் விட்டுவிடும்.

கடைசியா ஒண்ணு. இது நம்ம தோழர்களுக்கே. ஒரு கொலை நடந்த அன்னைக்கே யாரோ ஒருத்தர் போட்டோவைப் போட்டு "இவன்தான்"னு பகிர்றோம். எதிர்க்கட்சிக்காரன்னா இன்னும் வேகமா பகிர்றோம். அந்த 17 வயசுப் பையன் காலத்தில் ஃபோன் இருந்திருந்தா, பரிசோதனை முடிவு வர்றதுக்குள்ள ஊரே அவனைக் கொன்னிருக்கும். அப்பா அம்மாவுக்குத் தேவை யாரோ ஒரு குற்றவாளி இல்லை. அந்தக் குற்றவாளி.

அதனால பகிரும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. வாசலில் உண்டியல் இருக்கு, அங்கேயும் ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க. அந்தப் பணம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.