கடலில் விழும் விமானத்துக்கு ஓர் எஞ்சின்



போன வாரம் நாம் செய்தித்தாள் படித்தோம். "ஆளில்லா விமானம்" என்று ஒரு சொல் வந்தது. முன் வரிசைப் பெரியம்மா கேட்டார்: "ஆளே ஏறாத விமானத்துக்கு எதுக்குப்பா அவ்வளவு செலவு?" எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

நம் பங்காருபாளையத்தைத் தாண்டித்தான் பெங்களூர் பஸ் போகிறது. அந்தப் பெங்களூரில் உருவான ஆளில்லா விமானம் லட்சியா. 1985-ல் முதலில் பறந்தது. 2000-ல் விமானப் படைக்குக் கிடைத்தது.

லட்சியா குண்டு போடாது. சுடப் பழகுவதற்காகச் செய்தது. நாம் கல்லெறிந்து மாங்காய் அடிக்கிறோம். மாங்காய் நின்ற இடத்தில் தொங்கும். எதிரி விமானம் நிற்குமா? அதனால் வீரர்களுக்கு ஓடுகிற குறி வேண்டும். லட்சியா நீளமான கம்பியில் ஒரு குறியை இழுத்துக்கொண்டு பறக்கும். அதைப் பார்த்துச் சுடுவார்கள். வேலை முடிந்ததும் பாராசூட் விரியும். விமானம் கடலிலோ தரையிலோ விழும். எடுத்துப் பழுது பார்த்து மறுபடி விடுவார்கள்.

உப்புத் தண்ணீரில் விழுகிற பொருளுக்குப் பயணிகள் விமான எஞ்சினைப் போடலாமா? பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நாற்று நடப் போவது போலத்தான். எஞ்சின் விலை கூடினால் பறக்க விடவே பயப்படுவார்கள். பழகுவது குறையும்.

முதலில் வெளிநாட்டு எஞ்சினைப் பொருத்தினார்கள். அடுத்தவரை நம்பி எத்தனை நாள் இருப்பது? 1998-ல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா பல பொருள்களைத் தர மறுத்தது நினைவிருக்கும். லட்சியாவுக்குப் பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையே ஒரு சின்ன ஜெட் எஞ்சினைச் செய்தது. பெயர் பி.டி.ஏ.இ.-7. அது தள்ளும் விசை சுமார் 380 கிலோ.

ஜெட் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது? நம் வகுப்பில் லாரிப் பட்டறை அண்ணன் இருக்கிறார். அவருக்கு லாரியின் டர்போ தெரியும். ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். மற்றது காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும். ஜெட் எஞ்சினிலும் இதே இரண்டு வேலைதான். அமுக்கிய காற்றில் எண்ணெயைப் பீய்ச்சி எரிப்பார்கள். சூடான காற்று பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பின்பக்கம் சீறும். விமானம் முன்னே போகும். வெளிநாட்டில் சிலர் பழைய லாரி டர்போவை வைத்து வீட்டுக் கொல்லையிலேயே ஜெட் எஞ்சின் செய்திருக்கிறார்கள். சத்தம் தாங்காது என்கிறார்கள். அக்கம்பக்கத்தார் பாடு பாவம்தான்!

எங்கே செலவைக் குறைக்கலாம்? ஆயுளில் குறைக்கலாம். பயணிகள் விமான எஞ்சின் பல ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டும். இதற்கு அது தேவையில்லை. பாகங்களையும் குறைக்கலாம். இறகு இறகாகப் பொருத்தாமல் சக்கரத்தை ஒரே வார்ப்பாக வார்க்கலாம்.

எங்கே குறைக்க முடியாது? பின் சக்கரத்தில். நெருப்புக் காற்று அதன் மேல்தான் அடிக்கிறது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றுகிறது. சாதாரண இரும்பு தாங்காது. நிக்கல் சேர்ந்த கலப்பு உலோகம் வேண்டும். கொஞ்சம் எடை பிசகினாலும் சிதறிவிடும். இந்தச் சூட்டுப் பாகம்தான் எல்லா நாட்டையும் திணற வைக்கிறது. பெங்களூரிலேயே 1989-ல் காவேரி என்ற பெரிய எஞ்சின் வேலை தொடங்கியது. தேஜஸ் போர் விமானத்துக்காகத் தொடங்கியது. ஆனால் தேஜஸ் அமெரிக்க எஞ்சினோடுதான் பறக்கிறது. காவேரியின் ஒரு வடிவத்தை இப்போது ஆளில்லா விமானத்துக்காகச் சோதிக்கிறார்கள்.

பெரியம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆள் ஏறாததால்தான் இந்த எஞ்சினை மலிவாகச் செய்ய முடிகிறது. நடுவானில் நின்றால் இரும்பு போகும், உள்ளே உயிர் இல்லை. ஆனால் மலிவு என்றால் நாலு காசு இல்லை. அந்தப் பின் சக்கரம் சும்மா வராது.

பட்டறை அண்ணன் ஒரு பழைய டர்போவைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வகுப்பில் எல்லோரும் கையால் சுற்றிப் பார்க்கலாம். கிரீஸ் ஒட்டும், பழைய துணி எடுத்து வாருங்கள்.