நம்பகம்: ஏட்டு வழக்கும் பேச்சு வழக்கும்

(குளத்தூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் கிரெடிபிலிட்டி என்பார்கள். பத்திரிகைத் தமிழில் நம்பகத்தன்மை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில், இரண்டு பாஷைகளின் எல்லையில் வாழும் நமக்கு இதை ஆராய்வது சுலபம். மலையாளத்தில் 'விஸ்வாஸம்' என்றால் நம்பிக்கை. அதே சொல் களியக்காவிளை தாண்டித் தமிழில் 'விசுவாசம்' ஆகும்போது, நன்றி மறவாமை என்ற அர்த்தத்தைப் பெறுகிறது. அங்கே அது நம்புகிறவனுடைய மனநிலை. இங்கே நம்பப்படுகிறவனுடைய குணம். நம்பகம் என்பதற்கு இந்த இரண்டு பக்கங்களும் உண்டு.

'நம்பு' என்ற சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் விருப்பம் என்று பொருள் சொல்கிறது. நமக்குப் பிடித்ததைத்தான் நாம் சீக்கிரம் நம்புகிறோம் என்பதை அந்தப் பழைய பொருள் நினைவூட்டுகிறது. பன்னிரண்டு சதவிகிதம் வட்டி என்றால் யோசிக்கிறவர், முப்பத்தாறு சதவிகிதம் என்றதும் யோசிப்பதை நிறுத்திவிடுவதற்கு வேறு என்ன காரணம்?

அடுத்தது 'நாணயம்'. காசுக்கும் அதுதான் பெயர், நேர்மைக்கும் அதுதான் பெயர். திருவிதாங்கூர் நாளில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று நம் பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். காசுக்கு மதிப்பு அதன் மேலுள்ள முத்திரையால் வருகிறது. மனிதனின் நாணயத்துக்கு முத்திரை கிடையாது, அவன் நடத்தைதான்.

இனிப் பேச்சு வழக்குக்கு வருவோம். நம்பகம் உள்ளவனைப் புகழ, 'வாக்கு சுத்தம்', 'கை சுத்தம்', 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று சில சொற்களே இருக்கின்றன. நம்பகம் இல்லாதவனுக்கோ பட்டியல் நீளம்: கப்சா, புருடா, பீலா, சரடு, உதார், டுபாக்கூர். தமிழில் புளுகு, மலையாளத்தில் புளு. இன்றைய மலையாள இளைஞர்கள் பீற்றிக்கொள்வதைத் 'தள்ளு' என்கிறார்கள். 'ரீல் விடாதே' என்று நாம் சொன்னால் பேரக் குழந்தைகள் கைபேசியில் வரும் வீடியோவைத்தான் நினைக்கிறார்கள்!

'நானூற்றிருபது' என்ற வசவைக் கவனியுங்கள். 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு அது. ராஜ் கபூர் 1955-ல் அந்த எண்ணையே படத்தின் பெயரில் வைத்தார். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதை அமலுக்கு வந்து, அந்தக் குற்றம் 318-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. சட்டம் எண்ணை மாற்றினாலும் ஜனங்கள் மாற்றவில்லை. 'அவன் ஒரு முந்நூற்றிப்பதினெட்டு' என்று யாரும் சொல்லக் காணோம்.

ஏட்டு வழக்கு காகிதத்தைப் பார்க்கிறது. பேச்சு வழக்கு ஆளைப் பார்க்கிறது. என் உத்தியோக காலத்தில் ஒரு நகலில் பச்சை மையால் கையொப்பமிட்டு முத்திரை குத்தினால் அது நம்பத்தக்கது ஆகிவிடும். கொண்டு வந்தவர் யார் என்பது பல சமயம் எங்களுக்குத் தெரியாது. 2014-ல் மத்திய அரசு சுய சான்றொப்பத்தையே ஏற்குமாறு ஊக்குவித்தது. நகலுக்கு அவரவரே பொறுப்பு என்பது நல்ல மாற்றம்தான்.

காகித மதிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை சரித்திரமே சாட்சி. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. வெள்ளைக்காரப் பெயர், பெரிய கட்டடம், சர் பட்டம் பெற்ற முதலாளி என்று நம்பி ஆயுட்கால சேமிப்பைப் போட்ட பல குடும்பங்கள் நிர்க்கதியாயின. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அந்த அனுபவத்திலிருந்துதான் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முன்னின்று, 1907-ல் இந்தியன் வங்கி தோன்றியது.

அதே நாடகம் இன்று வேறு வேஷத்தில் நடக்கிறது. கைபேசியில் போலீஸ் உடையில் ஒருவர் தோன்றுவார். பின்னால் கொடி, மேஜையில் கோப்பு, கையில் நீதிமன்ற முத்திரையிட்ட கடிதம். 'உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறோம், யாரிடமும் சொல்லக்கூடாது' என்பார். முன்பு ஆசையைக் காட்டினார்கள்; இப்போது பயத்தையும் காட்டுகிறார்கள். குழந்தைகள் வெளியூரில் இருக்க, ஓய்வூதியப் பணத்துடன் தனியாக இருக்கும் நம்மைப் போன்ற பெரியவர்கள் அவர்களுக்குச் சுலபமான இலக்கு. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே மனதின் குரல் நிகழ்ச்சியில் எச்சரித்தார்.

நம் நியாய சாஸ்திரத்தில் நான்கு பிரமாணங்களில் ஒன்று சப்தம், அதாவது ஆப்தன் சொல். ஆப்தன் யார் என்பதற்கு வாத்ஸ்யாயன பாஷ்யம் தரும் லட்சணம் எளிமையானது: விஷயத்தை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் எண்ணமும் இருக்க வேண்டும். இது ரிஷிக்கும், ஆரியருக்கும், மிலேச்சருக்கும் பொது என்கிறது அந்த பாஷ்யம். உடையையோ, பட்டத்தையோ, குலத்தையோ அது கணக்கில் எடுக்கவில்லை.

அந்த இரண்டு கேள்விகளையும் தொலைபேசிக்காரரிடம் வைத்துப் பாருங்கள். இவருக்கு இது எப்படித் தெரியும்? இதை என்னிடம் சொல்வதால் இவருக்கு என்ன லாபம்? இரண்டாவது கேள்வியிலேயே வேஷம் கலைந்துவிடும். குடும்ப வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்திகளுக்கும் இதே சோதனை போதும். நான் படித்த விஞ்ஞானமும் வேறெதுவும் சொல்லவில்லை: யார் சொன்னார் என்பதைவிட, இன்னொருவர் சரிபார்க்க முடியுமா என்பதே முக்கியம். 'யாரிடமும் சொல்லாதே' என்று சொல்கிறவன் அந்தச் சரிபார்ப்பைத்தான் தடுக்கிறான்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அப்படி ஓர் அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். உடனே வீட்டாரிடமோ அண்டை அயலாரிடமோ சொல்லுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவியுங்கள். தனியாக இருக்கும் பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், இந்த வாரமே போய் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள். தொலைபேசியில் அதிகாரம் செய்கிறவனைக் கண்டு அவர் நடுங்காமல், 'டுபாக்கூர்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வைத்துவிட்டால் அதுவே போதும்.